சோறுமுடிச்சானின் தங்கை

செப்டம்பர் 12, செவ்வாய்

அறுவடை இயந்திரங்கள் காலை ஏழு மணிக்கே வயலில் இறங்கிவிட்டன. கடைக் கண்ணாடியில் தூசி படிந்துகொண்டே இருக்கிறது, துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிட்டது. இன்று நான்கு பேருக்குச் சாயம், இரண்டு பேருக்கு வெட்டு, ஒரு பெண்ணுக்குக் கல்யாணக் கொண்டை ஒத்திகை. அந்தப் பெண் ஏழு முறை மாற்றச் சொன்னாள். கல்யாணம் வரைக்கும் மாப்பிள்ளையையாவது மாற்றாமல் இருந்தால் சரி.

கடைசியில் தொலொரேட்டஸ் அக்கா வந்தாள். எழுபத்திரண்டு வயது, தலையில் மொத்தம் ஒரு கைப்பிடி முடி, ஆனால் செவ்வாய்க்கிழமை தவறாது. என் நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டு அவள் எழுந்து போனால் குயெரா ஊர் முழுக்கச் செய்தி போய்விடும்.

"தெரியுமா ரெமெய்? சோறுமுடிச்சான் வீட்டப் பூட்டிட்டுப் போறானாம். வினரோஸ்ல மக வீட்டுக்கு. ஒரேயடியா."

என் அண்ணனைப் பற்றி என்னிடமே சொல்கிறாள். "உன் அண்ணன்" என்று சொல்லவில்லை, "கீக்கோ" என்றும் சொல்லவில்லை. அந்தப் பட்டப்பெயருக்கு விதை போட்டவளே நான் என்பதால் அவளுக்குத் தயக்கம் ஏன் வரப்போகிறது?

"போகட்டும்," என்றேன். கத்தரி அவள் காதோரம் இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிட்டேன். அவள் கவனிக்கவில்லை.

செப்டம்பர் 13, புதன்

அவன் எங்கே போனால் எனக்கென்ன.

செப்டம்பர் 17, ஞாயிறு

கடை விடுமுறை. அப்பா அறையில் அலமாரியைத் திறந்தேன், மூடினேன். இன்னும் எதையும் யாருக்கும் கொடுக்கவில்லை.

ஏழு மாதமாக ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன், இந்த நோட்டில் மட்டும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பிப்ரவரி 9, வியாழக்கிழமை. அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்து பதினோராம் நாள். எண்பத்தெட்டு வயது, நுரையீரலில் நீர். அன்று என் முறை. மதியம் இரண்டு நாற்பதுக்கு மூச்சு மாறியது. நான் கீக்கோவுக்குப் போன் போட்டேன். அவன் 'செந்தேட்டா வீடு' சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தான். இருபது வருஷமாக வியாழக்கிழமை மதியம் அவன் வேறெங்கும் உட்கார்ந்ததில்லை. அப்பாவால் வெளியே வர முடிந்தவரை அப்பாவோடு, பிறகு கூட்டாளி பத்தீஸ்தாவோடு.

"அப்பாவுக்கு மூச்சு சரியில்ல. உடனே வா," என்றேன்.

"சட்டி இப்பத்தான் மேசைக்கு வந்துச்சு ரெமெய். ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வந்துடறேன். பதினோரு நாளா இப்படித்தானே இழுக்குது."

சோறு யாருக்காகவும் காத்திருக்காது, நாம்தான் அதற்காகக் காத்திருக்க வேண்டும் — தொட்டிலிலிருந்தே கேட்டு வளர்ந்த பேச்சு. நெருப்பணைந்து ஐந்து நிமிஷம் மூடி வைத்து, மேசைக்கு வந்ததும் கரண்டியை எடுத்தாக வேண்டும். இந்த ஊரில் சோறு ஆறிப்போவதைவிட மானக்கேடு வேறில்லை. சரி. அதற்காக? பெற்ற அப்பனுக்கு மூச்சு முட்டும்போதுமா?

மூன்று பத்துக்கு அப்பா போனார். மூன்றரைக்கு அண்ணன் வந்தான், வாயோரத்தில் எண்ணெய் மின்ன. உடனே கிளம்பியிருந்தால் அப்பா முகத்தைப் பார்த்திருப்பான், இருபத்தைந்து நிமிஷ வழிதான்.

"என் கையிலதான் போனார்," என்று அவனிடம் சொன்னேன். இறுதிச் சடங்குக்கு வந்தவர்களிடமும் அதையே சொன்னேன். அடுத்த வாரம் கடையில் தொலொரேட்டஸ் அக்கா தலைக்குச் சாயம் பூசிக்கொண்டே, "எங்க அண்ணன் சோத்த முடிச்சிட்டுத்தான் வந்தான்," என்றும் சொன்னேன். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது அவனுக்கென்றே சொன்னது போலிருக்கிறது என்றேன். பத்து நாளில் ஊர் அவனுக்குப் பெயர் வைத்துவிட்டது.

அதன்பிறகு அவனோடு நான் பேசவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

இன்று சோறு வேண்டும் போலிருந்தது. வெறும் பசி என்று நினைத்து ரொட்டியும் தக்காளியும் தின்று பார்த்தேன், அடங்கவில்லை. மீனையும் இறால் தலையையும் கொதிக்கவிட்டு வடித்த சாற்றில், ஒரு விரல்கடை உயரத்துக்கு மேல் போகாமல், அடியில் காந்தல் பிடித்த சோறு. பிப்ரவரிக்குப் பிறகு நான் அதைச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

செந்தேட்டா வீட்டுக்குப் போன் போட்டேன். ஃபீனா எடுத்தாள். செந்தேட்டாவின் மகள், என்னோடு பள்ளியில் படித்தவள். அவள் மேசைகளைப் பார்க்கிறாள், புருஷன் சீமோ அடுப்பைப் பார்க்கிறான்.

"எத்தனை பேருக்குடி?"

"ஒருத்திக்கு."

"ரெமெய், உனக்குத் தெரியாததா? சோறுன்னா ரெண்டு பேர். ஒத்த ஆளுக்குச் சட்டி கிடையாது."

"ரெண்டு பேருக்கே போடச் சொல்லு. பாதிய மிச்சம் வச்சுட்டுப் போறேன்."

"மிச்சமா? சீமோ காதுல விழுந்தா கரண்டியோட வெளிய ஓடி வருவான். சும்மா வா, கணவா வறுத்துத் தரேன்."

போனேன். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அவரவர் பக்கத்து ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிக் கரண்டி போட்டார்கள், யாரும் அடுத்தவர் எல்லையில் கை வைக்கவில்லை. நான் வறுத்த கணவாயைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. வயிறு நிறைந்தது, மனசு நிறையவில்லை.

கல்லாப் பக்கம் பத்தீஸ்தா ஒயின் குடித்துக்கொண்டிருந்தார்.

"உன் அண்ணன் பிப்ரவரிக்கு அப்புறம் இங்க கால் வைக்கல. ஜோடி இல்லாம எனக்கும் சோறு போச்சு," என்றார். பிறகு கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு எந்திரிச்சான்மா அவன். நான்தான், 'சட்டி வந்தாச்சு, உக்காரு'ன்னு சொன்னேன். என்னை யாரும் ஒண்ணும் சொல்லல பாரு."

எழுந்தானாம். இதை ஏன் அவன் என்னிடம் சொல்லவில்லை? நான் எங்கே பேசவிட்டேன்?

செப்டம்பர் 24, ஞாயிறு

ஒரு ஆளுக்கான சட்டி வாங்கி வந்து நானே பொங்கினேன். மேலே குழைந்து, நடுவில் வேகாமல், அடியில் கரி. ஒரே சட்டியில் மூன்று பாவமும் செய்தாயிற்று. பூனைக்கு வைத்தேன். அது முகர்ந்து பார்த்துவிட்டு என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனது.

செப்டம்பர் 29, வெள்ளி

முதல் மழை. வைக்கோல் வாசம் அடங்கிவிட்டது. கடையில் கூட்டமில்லை.

அக்டோபர் 3, செவ்வாய்

நெவுஸ் போன் செய்தாள். கீக்கோவின் மகள். ஒன்பது வயதில் அவளுக்கு முதன்முதலாகக் குட்டை முடி வெட்டிவிட்டவள் நான்.

"அத்தை, உங்களுக்கும் அப்பாவுக்கும் நடுவுல நான் வரல. ஆனா அங்க அவரால இருக்க முடியல. மீன் வாங்கப் போனா கடைக்காரி பெப்பிகா, 'என்ன அவசரம், முடிச்சிட்டே போங்க'ன்னு சொல்றாளாம். சுத்தி நிக்கிறவங்க சிரிக்கிறாங்களாம். துறைமுகத்துல மெஷின் ரிப்பேருக்குக்கூட யாரும் இப்ப பேரச் சொல்லிக் கூப்பிடறதில்லையாம். நாப்பது வருஷம் அவங்க படகையெல்லாம் ஓட வச்சவரு அத்தை."

நான் சீப்பில் சிக்கியிருந்த முடியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"சகல புனிதர் திருநாளைக்குத் தாத்தா கல்லறையில பூ வச்சுட்டு மறுநாள் கிளம்பறாரு. நவம்பர் ரெண்டு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாரு. நான்தான் சொல்றேன்."

"அவன் என்ன சாப்பிடறான்?" — எதற்காக இதைக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"சூப்பு, ரொட்டி. சோறு தொடறதில்ல."

போனை வைத்தபிறகு நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். கண்ணாடியில் என் தலையைப் பார்த்தேன், வேரெல்லாம் வெள்ளை. ஊருக்கெல்லாம் சாயம் பூசுகிறேன்.

அக்டோபர் 6, வெள்ளி

ஒரு வாடிக்கைக்காரி, "அப்பா கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். "ஒண்ணும் சொல்லல, கையை மட்டும் அழுத்தினார்," என்றேன். எட்டு மாதத்தில் கதையில் புதிதாக ஒரு அழுத்தம் சேர்ந்துவிட்டது. இன்னும் எட்டு மாதம் போனால் பாட்டே பாடிவிடுவார்.

அக்டோபர் 8, ஞாயிறு

எழுத உட்கார்ந்து அரை மணி நேரமாகிறது.

நான் அறையில் இல்லை.

எழுதிவிட்டேன். இனி மீதியையும் எழுதத்தான் வேண்டும்.

அவனோடு பேசிவிட்டுப் போனைப் பைக்குள் எறிந்தேன். பயத்தாலா? இல்ல, கோபம். ஆறு வருஷம் நான் குளிப்பாட்டினேன், நான் ஊட்டினேன், ராத்திரி நாலு தடவை எழுந்து திருப்பிப் படுக்க வச்சேன். அவன் வியாழக்கிழமையானா வந்து தள்ளுவண்டியில உக்கார வச்சு சோறு தின்னக் கூட்டிட்டுப் போவான், அப்பா முகம் அப்படியே மலரும். எனக்கு ஒருநாள் மலர்ந்துச்சா அந்த முகம்? சட்டி வந்துடுச்சாம், சட்டி!

கீழே இறங்கிப் போனேன். வாசல் பக்கம் காப்பி மெஷின். ஒரு காப்பி எடுத்தேன். அங்கே யாரோ ஒரு மனிதர் நின்றிருந்தார், மனைவிக்கு ஆபரேஷன் என்றார். அவரிடம் என் அண்ணனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். சொன்னேன், சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் இன்னொரு காப்பி வாங்கிக் கொடுத்தார், அதையும் குடித்தேன். அப்பா சாகக் கிடக்கும்போது சோறு தின்றுகொண்டிருக்கும் ஒருவனைப் பற்றி, அப்பா சாகக் கிடக்கும்போது கீழே நின்று காப்பி குடித்தபடி, முன்பின் தெரியாதவரிடம் இருபத்தைந்து நிமிஷம் பேசினேன்.

மேலே போனபோது நர்ஸ் வாசலில் நின்றாள். "இப்பத்தான். உங்களத் தேடினோம்," என்றாள்.

கையைப் பிடித்தேன். அப்போதுதான் பிடித்தேன். சூடு இருந்தது.

அக்டோபர் 9, திங்கள்

நேற்று எழுதியதைப் படித்தேன். கிழித்துப்போட நினைத்தேன். கிழிக்கவில்லை.

அக்டோபர் 14, சனி

அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. பெட்டிகளுக்கு நடுவில் ஸ்பேனர்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். மெலிந்துவிட்டான். சட்டைக் கழுத்து ஆளைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

"வா," என்றான், போன வாரம்தான் வந்து போனதுபோல.

"கிளம்பறியாமே."

"ஆமா. நெவுஸ் கூப்பிடறா. அங்கயும் கடல் இருக்கு."

பின்கட்டு ஜன்னல் கீல் பற்றிப் பேசினோம், எண்ணெய் போட வேண்டுமாம். அப்பாவின் சட்டைகளை மடத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டான். கொடுக்கலாம் என்றேன். நாக்கு நுனியில் அந்த வார்த்தை வந்து வந்து நின்றது. "சரி, வரேன்," என்றுதான் வெளியே வந்தது.

அறுபதை எட்டப்போகிறவள், ஒரு வாக்கியம் சொல்லத் துப்பில்லை. மற்ற நாளெல்லாம் இந்த வாய் மூடவே மூடாது.

அக்டோபர் 19, வியாழன்

செந்தேட்டா வீட்டுக்குப் போன் செய்தேன்.

"அடுத்த வியாழன். சோறு. ரெண்டு பேருக்கு."

"யாருடி அந்த இன்னொருத்தர்?" ஃபீனா குரலில் கல்யாணமேளம் கேட்டது. "யாராச்சும் ஆம்பளை சிக்கிட்டானா?"

"எங்க அண்ணன்."

அந்தப் பக்கம் முன்பதிவு நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஜன்னலோர மேசை போடவா?" என்று கேட்டாள்.

"போடாதே. ஊர் கண்ணுல படாத மூலை இருந்தா குடு."

அடுத்து கீக்கோவுக்குப் போட்டேன்.

"நான் சோறு சாப்பிடறதில்ல ரெமெய்."

"நீ சாப்பிட வேணாம். சும்மா உக்காரு. ரெண்டு பேர் இல்லாட்டி ஃபீனா அடுப்பே பத்த வைக்க மாட்டேங்கறா. எனக்கு வேணும்போல இருக்கு, எட்டு மாசமாச்சு."

"எத்தனை மணிக்கு?" என்றான்.

அக்டோபர் 25, புதன்

நாளை என்ன சட்டை போடுவது என்று மூன்று முறை அலமாரியைத் திறந்துவிட்டேன். பெண் பார்க்க வருகிறார்களா என்ன?

அக்டோபர் 26, வியாழன்

ஒன்றரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். ஃபீனா சமையலறைக்குப் பக்கத்து மூலை மேசையைக் கொடுத்திருந்தாள். இரண்டு மணிக்குக் கீக்கோ வந்தான், சவரம் செய்து, தலை சீவி. அவன் வாசலில் தெரிந்ததும் பேச்சுச் சத்தம் ஒரு படி குறைந்தது. யாரோ மூக்கால் சிரித்தார்கள். அவன் நேராக வந்து உட்கார்ந்தான். கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

ஃபீனா ஒலிவங்காயும், வினிகரில் ஊறிய நெத்திலியும், ரொட்டியும் வைத்தாள். அவன் ஒரு நெத்திலி எடுத்தான். "நல்லாருக்கு," என்றான். சோறு வேகும்வரை இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். அதற்குள் சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தேன். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து உருட்டிக்கொண்டிருந்தேன்.

சட்டி வந்தது. ஃபீனா அதை எங்களுக்கு நடுவில் வைத்து, இரண்டு கரண்டியும் வைத்து, "காந்தல் பிடிச்சிருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் அந்தச் சட்டியைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"நீ சாப்பிடு. ஆறிடும்," என்றான்.

"அண்ணே, அப்பா என் கையில போகல."

அவன் நிமிரவில்லை.

"உனக்குப் போன் பண்ணிட்டு நான் கீழ போயிட்டேன். காப்பி குடிச்சேன். ஒண்ணு இல்ல, ரெண்டு. உன்னைத் திட்டிட்டே குடிச்சேன். மேல வந்தப்ப முடிஞ்சிருந்துச்சு. அவரு தனியாத்தான் போனாரு. நானும் இல்ல, நீயும் இல்ல. எட்டு மாசமா ஊர் பூரா பொய் சொல்லியிருக்கேன். உன் பேரக் கெடுத்தது நான்தான்."

சொல்லிவிட்டு அழவில்லை. வாய் வறண்டிருந்தது, தண்ணீர் குடித்தேன்.

"தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"நீ கீழ போயிருந்தது. வராந்தாவுலயே நர்ஸ் சொன்னா. 'உங்க தங்கச்சியத் தேடினோம், கீழ போயிருந்தாங்க, அதப் பத்திக் கேக்காதீங்க, மனசு கஷ்டப்படுவாங்க'ன்னு சொன்னா. உள்ள வந்தேன். நீ கையைப் பிடிச்சுக்கிட்டு, 'என் கையிலதான் போனார்'ன்ன. சரின்னு விட்டுட்டேன்."

"அன்னிக்கேவா? அப்ப ஏன்டா..." — அண்ணனை 'டா' போட்டேன், நாற்பது வருஷத்துக்குப் பிறகு — "ஏன்டா சொல்லல? ஊரே உன்னைச் சிரிச்சுச்சே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் வாய் அடைஞ்சிருக்குமே."

"சொல்லி? ஆறு வருஷம் நீ பாத்த. நான் வாரத்துல ஒரு நாள் சோறு தின்னக் கூட்டிட்டுப் போனவன். அந்தக் கடைசி அரை மணி நேரத்த உன்கிட்டயிருந்து பிடுங்கணுமா?" ரொட்டித் துண்டுகளை ஒன்றாகக் கூட்டி ஓரமாகத் தள்ளினான். "அதோட நான் சோத்த முடிச்சேன்ல. அது பொய்யில்லையே. ஒரு வீட்டுக்கு ஒரு கெட்ட பேரு போதும்."

நான் இன்னொரு ரொட்டித் துண்டை எடுத்துப் பிய்த்தேன்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான். குரல் ரொம்பத் தணிந்துவிட்டது. "அன்னிக்குக் காந்தல் அவ்வளவு நல்லா இருந்துச்சு ரெமெய். பத்தீஸ்தாகிட்டச் சொன்னேன், 'இந்த வருஷத்துல இதான் ஒசத்தி'ன்னு. அதத்தான் என்னால தாங்க முடியல. நல்லா இல்லாம இருந்திருக்கலாம்."

அப்போதுதான் அழுதேன். சாப்பாட்டுக்கடை என்றும் பாராமல் சத்தமாகவே அழுதேன். அவனும் கைக்குட்டையை எடுத்தான். ஃபீனா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கிட்டே வரவில்லை.

சீமோதான் வந்தான். சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு, தோளில் துணியோடு.

"கால் மணி நேரமா சட்டி அப்படியே இருக்கு! நான் அங்க நெருப்புல வேகறேன், நீங்க இங்க உக்காந்து ஒப்பாரி வைக்கறீங்க. முப்பது வருஷத்துல இந்த வீட்டுல சோறு ஆறினதில்ல, தெரியுமா? என்ன, கரண்டி கனக்குதா?"

"சீமோ, உள்ள போ," என்றாள் ஃபீனா.

"போறேன். அவங்கள சாப்பிடச் சொல்லு!"

கீக்கோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். பிறகு கரண்டியை எடுத்தான். தன் பக்கத்து ஓரத்தில் ஒரு வாய் எடுத்து, வாயில் வைத்து, ரொம்ப நேரம் மென்றான்.

"ஆறிப்போச்சு," என்றான்.

"ஆமா."

இரண்டு பேரும் சாப்பிட்டோம். ஆறின சோறு, எண்ணெய் இறுகி உதட்டில் ஒட்டியது. காந்தலைச் சுரண்டும்போது மட்டும் அவன் கொஞ்சம் தயங்கினான். நான் பார்க்காததுபோல் என் பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தோம்.

வாசலில், "ரெண்டாம் தேதி போறியா?" என்று கேட்டேன்.

"டிக்கெட் எடுத்தாச்சு. நெவுஸும் ரூம ஒழிச்சு வச்சுட்டா," என்றான்.

அக்டோபர் 27, வெள்ளி

தொலொரேட்டஸ் அக்காவை நானே போன் செய்து வரச்சொன்னேன். "செவ்வாய்க்கிழமைதானே வந்தேன்?" என்றாள். "முன்னாடி கொஞ்சம் தூக்கலா இருக்கு, சரி பண்ணித் தரேன்," என்றேன். கடையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள், அதுவும் நல்லதுக்குத்தான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. மூட முடியாத வாய்க்கு உண்மையையாவது ஊட்டலாமே?

ஹேர் டிரையரை அணைத்துவிட்டுச் சொன்னேன். "எங்க அப்பா சாகும்போது நான் பக்கத்துல இல்ல. கீழ நின்னு காப்பி குடிச்சிட்டிருந்தேன். கையில போனார்னு சொன்னது பொய். கீக்கோவுக்கு அன்னிக்கே தெரியும். என்னைக் காட்டிக் குடுக்கல. அவனுக்குப் பட்டப்பேர் வச்சீங்கல்ல, எனக்கும் ஒண்ணு வைங்க."

தொலொரேட்டஸ் அக்கா கண்ணாடியில் என்னையே பார்த்தாள். அவள் வாயடைத்துப்போனதை இந்த ஊர் இன்றைக்குத்தான் பார்த்தது.

"ஏன்டி இத எங்கிட்ட சொல்ற?" என்றாள் கடைசியில்.

"உங்ககிட்ட சொன்னா எல்லார்கிட்டயும் சொன்ன மாதிரிதானே அக்கா."

அக்டோபர் 31, செவ்வாய்

இரண்டு பேர் வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. ஒருத்தி வந்து ஒரு வார்த்தை பேசாமல் வெட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் மருந்துக்கடை வீட்டம்மா வந்தாள், தலையைக் கழுவும்போது கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "எங்க மாமியார் போனப்ப நான் பக்கத்து நாற்காலியில தூங்கிட்டேன். இருபது வருஷமாச்சு. யாருக்கும் தெரியாது." நான் இன்னொரு முறை வெந்நீர் ஊற்றினேன்.

தொலொரேட்டஸ் அக்கா இன்று வரவில்லை. ஊர் சுற்ற வேண்டியிருக்குமே.

நவம்பர் 1, புதன்

கல்லறையில் நல்ல கூட்டம். சுவரில் அடுக்கடுக்காக இருக்கும் கல்லறைகளில் அப்பாவுடையது மேல் வரிசை. கீக்கோ ஏணி பிடித்தான், நான் ஏறி அப்பாவின் கல்லைத் துடைத்துச் சாமந்தி வைத்தேன். "இடது பக்கம் சாயுது," "இப்ப வலது பக்கம் சாயுது" என்று கீழேயிருந்து உயிரை வாங்கினான். பத்தீஸ்தா வந்து அவன் தோளில் கை போட்டுக்கொண்டார். பெப்பிகா தன் வீட்டுக் கல்லுக்கு முன்னால் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

நவம்பர் 2, வியாழன்

ஒன்பது இருபது ரயிலில் போனான். வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தான். "குளிர் முடிஞ்சதும் பாக்கலாம்," என்றான். ஜன்னல் கீலுக்கு எண்ணெய் போட மறக்கக் கூடாதாம். அழுகை வரவில்லை, பசித்தது.

நவம்பர் 9, வியாழன்

சும்மா ஒரு நாள்.

நவம்பர் 18, சனி

மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். பெப்பிகா கடைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். நான் தயங்கிப் பின்னால் நின்றேன்.

"ஏய் காப்பி!" என்று கூப்பிட்டாள். எல்லாரும் திரும்பினார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

இதுதானா? வைத்துவிட்டார்களா? காது சூடாயிற்று. அந்தச் சூட்டை அவன் எட்டு மாதம் தாங்கினான்.

"என்ன வேணும்?" என்றேன்.

"கணவா புதுசா வந்திருக்கு, முன்னாடி வா." நிறுத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "கீக்கோ எப்ப வர்றாரு?"

கீக்கோ என்றாள். குளிர் முடியும்வரை பொறுக்காதாம், நேற்றுத்தான் போனில் சொல்லியிருந்தான்.

"வர்ற வியாழக்கிழமை," என்றேன். "சாப்பாட்டுக்கு."